எழுதியவர் யார் என்ற கேள்வி

ஒரு கதையோ கவிதையோ நம் கைக்கு வந்து சேரும்போது அது தனித்து வருவதில்லை. தலைப்புக்குக் கீழே ஒரு பெயரையும் உடன்கொண்டுதான் வருகிறது. அப் பெயரைக் கண்டவுடன், முதல் வரியைப் படிப்பதற்கு முன்னரே, நம் மனம் அதற்கு ஓர் இருக்கையை ஒதுக்கிவிடுகிறது. சிலருக்கு உள்வீட்டில் நாற்காலி, சிலருக்குத் திண்ணை, சிலருக்கு முற்றம். இலக்கியத்தை இலக்கியமாக மட்டுமே பார்ப்பதாகச் சொல்லிக்கொள்பவர்களும் இதற்கு விலக்கல்லர். அண்மைக் காலத்தில் இவ் வரிசையில் புதியதொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. எழுதியவர் மனிதரே அல்லர், ஓர் இயந்திரம் என்று கேள்விப்பட்டால் அந்த எழுத்தை நாம் எங்கே இருத்துகிறோம்?

இதை ஊகத்தால் அன்றிச் சோதனையால் ஆராய்ந்தவர்கள் உளர். அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போர்ட்டர், மஷெரி என்னும் இருவரின் ஆய்வு 2024 நவம்பரில் வெளியாயிற்று. சோசர், சேக்ஸ்பியர் தொடங்கி இன்று வாழும் கவிஞர் ஒருவர் ஈறாக, ஆங்கில மொழிக் கவிஞர் பத்துப் பேரின் கவிதைகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். அதே கவிஞர்களின் பாணியில் எழுதுமாறு சாட்ஜிபிடிக்குக் கட்டளையிட்டு, அது தந்தவற்றையும் கலந்து, 1,634 பேரிடம் கொடுத்தனர். எது மனிதர் எழுதியது, எது இயந்திரம் எழுதியது என்று பிரிக்கச் சொன்னபோது கிடைத்த விடைகளில் 46.6 சதவீதமே சரியாக இருந்தன. காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் பாதியாவது சரிவந்திருக்கும். மனிதர் எழுதியதாக மிகக் குறைந்தோரே கருதிய ஐந்து கவிதைகளும் உண்மையில் மனிதக் கவிஞர்களுடையவையே என்பதுதான் இதில் வியப்புக்குரியது.

இரண்டாவது சோதனை நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. 696 பேரை மூன்று கூட்டமாக்கினர். ஒரு கூட்டத்தாரிடம் இக் கவிதைகள் மனிதர் எழுதியவை என்றனர். ஒரு கூட்டத்தாரிடம் இயந்திரம் எழுதியவை என்றனர். மற்றையோரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இயந்திரம் எழுதியது என்று கேட்டவர்கள், உண்மையில் எழுதியவர் யாராயினும், ஏறத்தாழ எல்லா அளவுகோல்களிலும் குறைத்தே மதித்தனர். ஆனால் மொத்தத்தில் நோக்கினால் இயந்திரத்தின் கவிதைகளே கூடிய புள்ளி பெற்றன. அவை எளிதில் விளங்கின என்பதே ஆய்வாளர்கள் கண்ட காரணம். மனிதக் கவிஞனின் அடர்த்தியும் திருகலும் வாசகருக்கு இயந்திரத்தின் உளறலாகத் தோன்றினவாம்.

இச் சோதனையில் பங்குகொண்டோர் பெரும்பாலும் கவிதையை அரிதாகவே படிப்பவர்கள். ஆகவே இதற்கு மதிப்பில்லை என்று நண்பர் ஒருவர் என்னோடு வாதிட்டார். அவருக்கு நான் ஐ. ஏ. றிச்சாட்ஸை நினைவூட்டினேன். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அவர், ஆக்கியோன் பெயரை மறைத்த கவிதைகளைத் தம் வகுப்புக்கு வந்தோரிடம் வழங்கி, அவர்கள் எழுதித் தந்த கருத்துரைகளை ஆராய்ந்து 1929 இல் நூலாக்கினார். அந் நூலில் உள்ளவை 13 கவிதைகள். வாசித்தவர்கள் பாமரர் அல்லர். இலக்கியக் கல்வியின் உச்சிப்படியில் நின்றவர்கள். ஜோன் டன்னையும் ஹொப்கின்ஸையும் அவர்களுட் பலர் உதறித் தள்ளினர். யாருடையவை என்று தெரிந்திருந்தால் அந்தக் கைகள் அப்படி எழுதியிருக்கமாட்டா. பெயரை எடுத்துவிட்டால் தடுமாறுகிறோம், பெயரைத் தந்துவிட்டால் அதையே பற்றிக்கொள்கிறோம் என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் இதிலிருந்து, எழுதியவர் யாரென்று கேட்பதே பிழை, எழுத்து ஒன்றையே பார்த்துத் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்ற முடிவுக்கு விரைபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இவ் வழக்கு நம் மரபில் ஒரு கதையாகவே வழங்கிவருகிறது. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு இறையனார் பெயரால் வழங்குவது. அதைச் சூழ்ந்து எழுந்த திருவிளையாடற் கதையில், பாட்டை அவைக்குக் கொண்டுவந்தவன் தருமி, எழுதியவர் வேறொருவர். நம் மேடைப் பேச்சாளர்கள் நக்கீரரின் நெஞ்சுரத்தைப் பாராட்டுவதோடு நிறுத்திக்கொள்வர். ஆக்கியோன் இன்னார் என்று தெரிந்த பின்னும் அவர் தீர்ப்பை மாற்றவில்லை என்பது மெய்யே. எனக்கு அக் கதையில் கவனத்துக்குரியதாகப் படுவது மற்றொன்று. பாட்டில் குற்றம் உண்டென்று கேட்டதும், எழுதியவர் எழுந்து வந்து அவையின் நடுவே நின்று, என்ன குற்றம் என்று கேட்டார். சொன்னவருக்கும் சொல்லப்பட்டவருக்கும் இடையே ஒரு வழக்கு நடந்தது. பாட்டுக்காக வாய்திறக்க ஓர் ஆள் இருந்தார். (புராணம் ஈற்றில் நக்கீரரைப் பணியவைத்துத்தான் முடிக்கிறது. அதிகாரம் வழக்குகளை முடிக்கும் முறை அதுதானே.)

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் செய்ததையும் இங்கே நினைக்கவேண்டும். பெயர் தெரியாத புலவர்களுக்கு அவர்தம் பாட்டிலே வரும் தொடரைக் கொண்டே பெயர் சூட்டினர். செம்புலப்பெயனீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்பன அவ்வாறு பிறந்த பெயர்கள். பெயரில்லாமலும் அப் பாட்டுகள் வாழ்ந்திருக்கும். இருந்தும் அவற்றின் பின்னே ஒருவர் நின்றார் என்பதை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. இதை வெறும் பெயர்ப் பித்து என்று நான் கருதவில்லை. ஒரு சொல்லைக் கேட்டவன், அதைச் சொன்னவனை நோக்கித் தலையைத் திருப்புவது மனித இயல்பு.

இதே கேள்விக்கு மற்றொரு முகம் உண்டு. அதை ஈழத்தவராகிய நாம் மறத்தல் ஆகாது. 1960களின் முற்பகுதியில் இங்கே நிகழ்ந்த மரபுப் போராட்டத்தின்போது, உழைக்கும் மக்களின் பேச்சு வழக்கைக் கதைகளிற் கையாண்ட எழுத்தாளர்கள், இழிசனர் வழக்கை இலக்கியத்துள் புகுத்துகிறார்கள் என்று பண்டிதர் சிலராற் பழிக்கப்பட்டனர். சண்டை சொற்களைப் பற்றியது போலத் தோன்றினாலும், அச் சொற்களை வாயிற் கொண்டவர்கள் யார் என்பதே அதன் அடியிற் கிடந்த கேள்வி. எழுதியவரின் பிறப்பும் தொழிலும் தெரிந்தபின் எழுத்தின் இலக்கணம் மட்டமாகத் தோன்றிற்று. ஆகவே, யார் எழுதியது என்று கேட்பவரைப் பார்த்து, எதற்காகக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் எனக்கு உண்டு. பொறுப்பை அறியக் கேட்பதும் உண்டு. வாசலிலே நிறுத்திவைக்கக் கேட்பதும் உண்டு.

சென்ற ஆண்டு ஓர் இலக்கிய அமைப்பு இளையோருக்காக நடத்திய சிறுகதைப் போட்டியில் நடுவர் மூவரில் ஒருவனாக இருந்தேன். வந்தவை 46 கதைகள். பெயர்களை நீக்கி, இலக்கமிட்டு எங்களுக்கு அனுப்பியிருந்தனர். 19 ஆம் இலக்கக் கதை ஒரு தேயிலைத் தோட்டத்தில் நிகழ்வது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் ஒரு பெண் பிள்ளை, தன் தாய் பறித்த கொழுந்தை மடுவத்தில் நிறுக்கும்போது அருகே நின்று பார்க்கிறாள். ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் நாள்தோறும் இரண்டு கிலோ கழிக்கப்படுகிறது. அந்த இரண்டு கிலோவினால் தாய்க்குச் சில நாட்களில் முழுப் பேர் விழாமல் அரைப் பேர் விழுகிறது. பிள்ளை தன் பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு மாதத்துக்கு எழுதிவைத்துக் கூட்டிப் பார்க்கிறாள். கதையின் உயிர் அந்தக் கூட்டல்தான். அந்தத் தொகையை அவள் யாரிடமும் சொல்வதில்லை. தாய்க்கு எண் தெரியாது என்பதால் தாயிடமும் சொல்வதில்லை. கடைசிப் பக்கத்தில் தாயை அவசரமாகச் சாகடித்திருந்தது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. பத்துக்கு ஏழு போட்டேன்.

மற்றொரு நடுவர் ஓய்வுபெற்ற அதிபர், முப்பது ஆண்டுக்கு மேல் தமிழ் கற்பித்தவர், நல்ல வாசகர். அவர் முதலிற் போட்டது எட்டு. நாங்கள் மூவரும் கூடிய அன்று அதைத் தாமே வெட்டி மூன்றாக்கி வைத்திருந்தார்.

“இது பிள்ளையள் எழுதின தமிழில்லை, மாஸ்டர். மிசின் எழுதினது. தோட்டத்துப் பிள்ளை கொழுந்து நிறுக்கிற தராசைத் துலாக்கோல் எண்டு எழுதுமே?” என்றார்.

அவருக்கும் எழுதியவர் யாரென்று தெரியாது. கதை தோட்டத்தில் நிகழ்கிறது. ஆகவே எழுதியது தோட்டத்துப் பிள்ளை. ஆகவே இத் தமிழ் அதற்கு வராது. ஆகவே இயந்திரம் என்று நான்கு படியையும் ஒரே மூச்சில் ஏறிவிட்டார். இன்னொரு சான்றும் வைத்திருந்தார். “அரைப் பேர் எண்டு ஒண்டு திரும்பத் திரும்ப வருது. அரைப் பேர் எண்டால் என்ன? அர்த்தமே இல்லை. மிசின் இப்பிடித்தான் உளறுமாம், பேப்பரில போட்டிருந்தது.”

நான் ஹற்றனுக்கு அண்மையில் ஏழு ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவன். தோட்டத்திலே ஒரு நாள் வேலை என்பது ஒரு பேர். செக்ரோலில் பெயருக்கு எதிரே அந்த நாள் விழுந்தால் அது பேர். குறித்த நிறை கொழுந்து எடுக்காதவருக்கு அரை நாட் கூலி. அது அரைப் பேர். மலைநாட்டில் நூறாண்டுக்கு மேலாகத் தலைமுறை தலைமுறையாக மக்கள் வயிற்றோடு கட்டிவைத்திருக்கும் சொல் அது. யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர் ஒருவருக்கு அது இயந்திரத்தின் உளறலாகப் பட்டது. பிற்ஸ்பேர்க் ஆய்வில், மனிதக் கவிஞரின் விளங்காத வரிகளை இயந்திரத்தின் கணக்கில் எழுதியவர்கள் செய்ததும் இதுவே. விளங்காமை எழுத்தின் குறையா, வாசகனின் குறையா என்று கேட்கும் பொறுமையை இந்தச் சந்தேகம் முதலிலே கொன்றுவிடுகிறது.

அன்று கொச்சை என்று தள்ளினார்கள். இன்று செம்மை என்று தள்ளுகிறார்கள். இரண்டு முறையும் தள்ளப்படுகிறவர்கள் பெரும்பாலும் அதே வீடுகளிலிருந்து வருகிறவர்களாக இருக்கிறார்கள். கொழும்பின் பெரிய கல்லூரி ஒன்றை வைத்து எழுதப்பட்ட 31 ஆம் இலக்கக் கதையில் ‘விகசித்தல்’ என்ற சொல் மூன்றிடத்தில் வந்தது. அதைப் பற்றி எவரும் ஐயுறவில்லை.

மூன்றாம் நடுவர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருக்கும் இளம் பெண். அவர் நியாயமானவர், ஊகம் வேண்டாம் என்று சொல்லி, இயந்திர எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் ஒன்றில் கதையை இட்டுப் பார்த்தார். 87 சதவீதம் இயந்திரம் என்றது அது. அதிபர் என்னை வெற்றியோடு நோக்கினார்.

இக் கருவிகளைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டியிருக்கிறது. பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இவற்றின் வாக்கை வேதவாக்காகக் கொள்வோர் பெருகிவருகின்றனர். சாட்ஜிபிடியை ஆக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கருவியை வெளியிட்டது. தான் நடத்திய சோதனையில் இயந்திரம் எழுதியவற்றுள் 26 சதவீதத்தையே அது இனங்கண்டதாகவும், மனிதர் எழுதியவற்றுள் 9 சதவீதத்தை இயந்திரத்துடையவை என்று தவறாகச் சொன்னதாகவும் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஜூலையில், துல்லியம் போதாது என்று அதைக் கைவிட்டது. அவ்வாண்டிலேயே ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் சிலர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தனர். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திரத்தின் எழுத்தென்று பழிக்கப்பட்டன. அமெரிக்கப் பாடசாலை எட்டாம் வகுப்பு மாணவரின் கட்டுரைகளோ பெரும்பாலும் தப்பிக்கொண்டன.

காரணம் மறைபொருளன்று. அடுத்து வரும் சொல் எவ்வளவு எளிதில் ஊகிக்கத்தக்கது என்பதை இக் கருவிகள் அளக்கின்றன. இரவல் மொழியில் அளவான சொற்களோடு கவனமாக எழுதுபவனின் வாக்கியம் எளிதில் ஊகிக்கத்தக்கதாகவே இருக்கும். அதனால் அவன் அகப்படுகிறான். அதே கட்டுரைகளின் சொல்வளத்தைச் சாட்ஜிபிடியைக் கொண்டே உயர்த்திவிட்டு மீண்டும் சோதித்தபோது பழி வெகுவாகக் குறைந்துவிட்டது. இயந்திரத்தின் உதவியை நாடியவன் மனிதனென்று விடுதலை பெற்றான். நாடாதவன் இயந்திரமென்று பிடிபட்டான்! ஆங்கிலத்திலேயே நிலைமை இதுவென்றால், பெரும்பாலும் ஆங்கிலத்தை மனங்கொண்டு ஆக்கப்பட்ட கருவி தமிழில் 87 என்று சொல்வதற்கு என்ன பொருள்? நான் இதைச் சொன்னபோது விரிவுரையாளர் மறுக்கவில்லை. அந்த எண்ணை எங்கள் பதிவிலிருந்து எடுத்துவிட்டோம்.

அமைப்பினரின் அனுமதியோடு இலக்கத்துக்குரிய பெயரைத் திறந்து, எழுதியவருடன் தொலைபேசியிற் பேசினோம். 17 வயதுப் பெண். தோட்டத்தில் பிறந்து, நகரத்துப் பாடசாலையில் உயர்தரம் படிப்பவள். “நான்தாங்க சேர் எழுதினேன். துலாக்கோல் எங்க தமிழ்ச் சேர் குறள் படிச்சுக் குடுக்கும்போது சொன்னாரு. எழுத்துப் பிழை மட்டும் போன்ல பார்த்தேன். அது குத்தமா சேர்?” என்றாள். குற்றமில்லை என்றேன். கதையில் வரும் கணக்குக் கொப்பி இன்னும் இருக்கிறதா என்று விரிவுரையாளர் கேட்டார். இருக்கிறது, ஆனால் கூட்டலில் ஒரு நாள் விடுபட்டுப்போயிற்று, அதைக் கதையில் சரிசெய்துவிட்டேன் என்று அவள் சொன்னாள்.

அதன் பிறகு நடந்ததுதான் என்னை மேலும் சிந்திக்கவைத்தது. அதிபரின் கண் கலங்கிவிட்டது. பேனாவை எடுத்து மூன்றை வெட்டி ஒன்பதாக்கினார். “பாவம், தோட்டத்துப் பிள்ளை. எவ்வளவு கஷ்டத்தில எழுதியிருக்குது” என்றார். எட்டாக இருந்தது மூன்றாகி, மூன்றாக இருந்தது ஒன்பதாயிற்று. இதற்கிடையில் கதையில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. முதலில் அவளால் முடியாது என்று குறைத்த அதே மனந்தான், அவளாற் கூட முடிந்திருக்கிறதே என்று பின்னர் கூட்டியது. இரக்கம் என்ற பெயரில் வரும் இந்தப் புள்ளியையும் நான் எதிர்த்தேன். சாகடிக்கப்பட்ட தாய் அக் கதையில் இன்னும் தேவையின்றிச் செத்துக்கொண்டுதான் இருந்தாள். அந்தக் குறையை அவளிடம் சொல்லாமல் ஒன்பது போடுவது அவளை எழுத்தாளராக மதிப்பதாகாது.

ஆயினும் எனக்கும் ஏதோ மாறியது. அன்றிரவு அக் கதையை மீண்டும் படித்தேன். என் ஏழு ஏழாகவே இருந்தது. வாசிப்பு வேறாக இருந்தது. கழிக்கப்பட்ட இரண்டு கிலோ முன்பு ஒரு கதை நிகழ்ச்சி. இப்போது அது ஒரு முறைப்பாடு. ஏதோ ஒரு தோட்டத்தில், ஏதோ ஒரு மடுவத்தில், உயிரோடிருக்கும் ஒரு பெண்ணின் கூடையிலிருந்து நாள்தோறும் இரண்டு கிலோ போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்தவள் எழுதியிருக்கிறாள். வாசித்துவிட்ட நான் இனி அதை அறியாதவன் அல்லன். இயந்திரம் இதே கதையை இதே சொற்களில் எழுதியிருந்தால்? ஓசையும் கட்டமைப்பும் அப்படியே இருந்திருக்கும். அவற்றுக்கான புள்ளியையும் நான் குறைத்திருக்கமாட்டேன். ஓசையின் இனிமை போலச் செவி ஒன்றே தீர்க்கத்தக்க விடயத்தில், பெயரைக் கேட்டபின் தீர்ப்பை மாற்றுபவர் தம் செவியையே பொய்யாக்குகிறார். ஆனால் அந்த இரண்டு கிலோவை இழந்த தாய் எவளும் இருந்திருக்கமாட்டாள். எவர் பேரும் அரையாகியிருக்காது. நீ சொல்வது உண்மையா என்று கேட்டால், ஆம் சேர், கொப்பி இருக்கிறது என்று சொல்ல எவரும் இருந்திருக்கமாட்டார்.

எனவே, இயந்திரம் எழுதியது என்று கேட்டவுடன் நெகிழ்ச்சி குன்றிப்போன அந்த அமெரிக்க வாசகர்களை நான் முழுவதும் குறைசொல்லமாட்டேன். அழுகுரல் கேட்டு ஓடிவந்தவன், அது ஒலிப்பதிவு என்று தெரிந்ததும் நிற்கிறான். அவன் செவியிற் பிழையில்லை.

இயந்திரத்தின் எழுத்துக்குப் பின்னால் எவருமே இல்லை என்று சொல்வதும் அரை உண்மைதான். பின்னால் இருப்பவர்கள் மிகப் பலர். அவர்களின் பெயர்தான் இல்லை. 2025 செப்டெம்பரில் அன்த்றொபிக் என்னும் நிறுவனம், களவுப் பிரதிகளாகத் தரவிறக்கிய ஏறத்தாழ ஐந்து இலட்சம் நூல்கள் தொடர்பான வழக்கில், நூலுரிமையாளர்களுக்கு 1.5 பில்லியன் டொலர் வழங்க இணங்கிற்று. நூல்களைக் கொண்டு இயந்திரத்தைப் பயிற்றுவது சட்டத்துக்கு மாறானதன்று, களவுப் பிரதிகளைச் சேர்த்துவைத்ததே மாறானது என்று அவ் வழக்கின் நீதிபதி பிரித்துக் கூறியிருந்தார். சட்டம் அவ்வளவில் நின்றுவிட்டது. நூல் எழுதியோராவது வழக்காடினர். சாட்ஜிபிடி தகாத சொல் பேசாதிருக்க வேண்டுமென்று, வன்முறையும் ஆபாசமும் நிறைந்த பிரதிகளை நாள் முழுதும் வாசித்து அடையாளமிட்டவர்கள் கென்யாவின் நைரோபி நகரத்துத் தொழிலாளர். அவர்கள் கைக்கு வந்த கூலி மணிக்கு ஏறத்தாழ 1.32 டொலரிலிருந்து 2 டொலர் வரை என்று 2023 ஜனவரியில் ‘ரைம்’ சஞ்சிகை வெளிப்படுத்தியது. இயந்திரம் மிருதுவாகப் பேசுகிறது என்று நாம் வியக்கும்போது, அந்த மிருதுத்தன்மையில் அவர்களின் உழைப்பும் அடங்கியிருக்கிறது. தோட்டத்துப் பாஷையிற் சொன்னால் அவர்களுக்கு விழுந்தது அரைப் பேர்கூட இல்லை.

போட்டிக்கு வருவோம். மூவரின் புள்ளிகளையும் கூட்டியபோது 19 ஆம் இலக்கத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. அதிபர் ஒன்பதை எட்டாக்கினார். அதற்குக் கீழே இறங்க மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு விதிகளில் இயந்திரத்தைப் பற்றி ஒரு வாசகம் சேர்க்கவேண்டும் என்று அமைப்பினர் கேட்டனர். முற்றாகத் தடை என்றார் அதிபர். என் யோசனை வேறு: எதற்கு இயந்திரத்தைப் பயன்படுத்தினேன், எதற்குப் பயன்படுத்தவில்லை என்று எழுதுபவரே கையெழுத்திட்டுச் சொல்லட்டும், நடுவர் எவரும் ஊகத்தாலோ மென்பொருளாலோ புள்ளியைக் குறைக்கலாகாது, ஐயம் எழுந்தால் எழுதியவரை அழைத்துக் கதையைப் பற்றிப் பேசவேண்டும். பொய் சொல்பவர்கள் தப்பிவிடுவார்களே என்று விரிவுரையாளர் கேட்டார். சிலர் தப்பத்தான் செய்வர். பொய்யன் ஒருவன் பரிசு பெற்றுச் செல்வதை நான் பொறுத்துக்கொள்வேன். உண்மை எழுதிய ஒருத்தி கள்ளியென்று திரும்பிப் போவதைப் பொறுக்கமாட்டேன். விதி இன்னும் முடிவாகவில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடி சண்டை இருக்கிறது.

பரிசளிப்பு முடிந்து இரண்டு கிழமைக்குப் பின் அவளிடமிருந்து கடிதம் வந்தது. நன்றி சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டிருந்தாள். அந்த இடத்தில் தராசு என்றே போட்டிருந்தால் சந்தேகம் வந்திருக்காதா, இனிமேல் அப்படியான சொற்களை விட்டுவிட்டு எழுதட்டுமா என்று. கடிதத்தை அதிபருக்குக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். எடுக்கவேண்டியது தாயின் சாவைத்தான், துலாக்கோலை அன்று என்று நான் பதில் எழுதினேன். அதன் அடியில் தாமும் ஒரு வரி சேர்க்கவேண்டும் என்று அதிபர் கேட்டு வாங்கி, துலாக்கோல் இருக்கட்டும் மகள், அரைப் பேருக்கு மட்டும் ஓர் அடிக்குறிப்புப் போடு என்று எழுதினார். அடிக்குறிப்பு வேண்டாம் என்பது என் கட்சி. இரண்டையும் அப்படியே தபாலிற் சேர்த்தோம்.